ஐந்தோவனில் ‘பட்டாட்’ கேட்டால் ஏன் திருத்துகிறார்கள்? பொரித்த கிழங்கின் பெயர்களும் அதன்மேல் ஊற்றுபவையும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக நெதர்லாந்தின் ஐந்தோவனை ஒட்டிய வெல்ட்ஹோவனுக்கு வந்திருக்கிறீர்கள். முதல் சில வாரங்கள் ஆம்ஸ்டர்டாமில் இருந்தபோது, பொரித்த உருளைக்கிழங்கு (ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்) வேண்டுமானால் ‘பட்டாட் மெட்’ என்று கேட்கச் சக ஊழியர் கற்றுக்கொடுத்தார். அதையே ஐந்தோவன் கடையில் சொன்னபோது, கல்லாவில் நின்ற அம்மா ‘ஃப்ரீட்’ என்று திருத்திவிட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப்பில் ‘பட்டாட்’ என்றதும் கடைக்காரர் விழித்தார். இவையெல்லாம் ஒரே பண்டமா, வேறு வேறா? பலகையில் வரிசையாக எழுதியிருக்கும் சாஸ்களில் எதைக் கேட்பது? அதை மேலே ஊற்றச் சொல்வதா, தனியாக வாங்குவதா? விரைவில் வரப்போகும் உங்கள் பெற்றோர் சைவ உணவுக்காரர்கள். அவர்களுக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா? இவைதான் நீங்கள் எழுதியவை. பெயர் மாறும்போது தட்டில் வருவதும் மாறுகிறதா என்பதே இவற்றின் அடியில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

சுருக்கமான விடை: கிழங்கு பெரும்பாலும் ஒன்றுதான். அதன்மேல் விழுவதும் அது பொரியும் கொழுப்பும் ஊருக்கு ஊர் உண்மையாகவே மாறுகின்றன. ஆகவே பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள்; மற்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ரொட்டர்டாமிலும் பிறகு பிராபண்ட் மாகாணத்திலும் ஸ்நாக்பார் எனப்படும் பொரித்த உணவுக் கடைகளில் எண்ணெய்த் தொட்டிக்கு முன்னால் பல ஆண்டுகள் நின்றவன் நான். இந்த நாட்டுக்கு வந்த ஈழத்தமிழர் பலருக்கும் முதலில் கிடைத்தது இத்தகைய அடுப்படி வேலைதான். அதனால் ரொட்டர்டாம், பிராபண்ட் இரண்டையும் பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். பெல்ஜியத்தை வாடிக்கையாளனாகவும், அங்குள்ள தொழில்காரர்களோடு பழகியவனாகவும் அறிவேன். நெதர்லாந்தின் வடகோடியான குரோனிங்கன் பக்கத்துக் கடை வழக்கங்களை அந்த அளவு உறுதியோடு சொல்ல மாட்டேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். பிரெஞ்சு மொழியில் ‘பட்டாட் ஃப்ரீட்’ என்றால் பொரித்த கிழங்கு. இந்தப் பண்டம் பெல்ஜியத்திலிருந்து வடக்கே ஏறியபோது பெயரும் முழுதாகவே ஏறியது. பிறகு பேச்சில் தேய்ந்தது. வடக்கிலும் மேற்கிலும் முன்பாதியை வைத்துக்கொண்டு ‘பட்டாட்’ என்றார்கள். தெற்கே பின்பாதியை வைத்துக்கொண்டு ‘ஃப்ரீட்’ என்றார்கள். நெதர்லாந்தின் குறுக்கே ஓடும் ரைன், வால், மாஸ் ஆகிய பெரிய ஆறுகளே ஏறத்தாழ எல்லை. ஆறுகளுக்குத் தெற்கே வடபிராபண்ட், லிம்பர்க், கெல்டர்லாந்தின் தென்பகுதி ஆகியவை ‘ஃப்ரீட்’ நாடு. ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட், ஹேக், ரொட்டர்டாம், அதற்கு மேலே ஃப்ரீஸ்லாந்து வரை ‘பட்டாட்’ நாடு. நைமேகன் போன்ற எல்லையோர ஊர்களில் இரண்டையும் கேட்கலாம். அங்கே யாரும் யாரையும் திருத்துவதில்லை. நீங்கள் இப்போது இருக்கும் ஐந்தோவன் பகுதி தெற்கின் நடுவில் இருக்கிறது. அந்த அம்மா திருத்தியது உங்களை வெளிநாட்டவர் என்பதற்காக இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் டச்சுக்காரரையும் அதே குரலில்தான் திருத்துவார்கள். நான் வேலை பார்த்த கடையில் அது நாள்தோறும் நடந்தது.

அன்ட்வெர்ப்பில் நடந்தது வேறு கதை. அங்கே ‘பட்டாட்’ என்பது உருளைக்கிழங்கையே குறிக்கும் அன்றாடச் சொல். தோலோடு மூட்டையில் இருப்பதும் பட்டாட், அவித்துத் தட்டில் வைப்பதும் பட்டாட். பொரித்த பிறகு அது ‘ஃப்ரீட்டன்’ அல்லது செல்லமாக ‘ஃப்ரீட்யஸ்’. ஆகவே அந்தக் கடைக்காரர் காதில் நீங்கள் கேட்டது வெறும் கிழங்கு. பொரித்து விற்கும் கடையில் நின்று அவிக்காத கிழங்கைக் கேட்டால் யாரும் விழிக்கத்தான் செய்வார்கள். ஐந்தோவனில் நடந்தது வட்டாரப் பெருமை. அன்ட்வெர்ப்பில் நடந்தது உண்மையான பொருள் மயக்கம். எல்லைக்கு அந்தப்பக்கம் போகும்போது மட்டும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர்ப்பலகையைப் பார்த்து வட்டார வழக்கை முடிவு செய்யாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் நடுவிலேயே ‘ஃப்ளாம்ஸ ஃப்ரீட்ஸ்’ என்று எழுதிய கடைகள் ஏராளம். ‘ஃப்ளாம்ஸ’ என்றால் பிளாண்டர்ஸைச் சேர்ந்தது; பெல்ஜியத்தின் டச்சு பேசும் வடபகுதிதான் பிளாண்டர்ஸ். அதன் பெயரைச் சொன்னால் தரம் கூடியதாக மக்கள் நம்புகிறார்கள். கடைக்காரர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கடையின் வரிசையில் நிற்கும் ஆம்ஸ்டர்டாம்காரர் வாயைத் திறந்தால் ‘பட்டாட்யே’ என்றுதான் சொல்வார். வரிசையில் நிற்பவர் சொல்வதுதான் சாட்சி. எல்லோரும் பலகையைப் புகைப்படம் எடுத்துப் போட்டு வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் பயன் இல்லை.

கடைக்கும் இப்படியே பல பெயர்கள். நெதர்லாந்தில் ‘ஸ்நாக்பார்’ அல்லது ‘காஃபெட்டேரியா’. தென்கோடி லிம்பர்க்கில் ‘ஃப்ரிட்டூர்’ என்ற சொல்லும் உண்டு. பிளாண்டர்ஸில் அதுவே பொதுச்சொல். தெருவோரக் கொட்டகையாக இருந்தால் ‘ஃப்ரீட்கொட்’. பிரசல்ஸில் பிரெஞ்சு பேசுபவர்களும் ‘ஃப்ரிட்கொட்’ என்பார்கள். பிரெஞ்சு பேசும் தெற்கே போனால் ‘ஃப்ரிட்டரி’. கொட் என்றால் குடிசை. ஆனால் அந்தக் குடிசைகளில் சில, பிரசல்ஸின் ஜூர்தான் சதுக்கத்தில் 1948 முதல் இருக்கும் மேசோன் அந்துவான் போல, ஊருக்கே அடையாளமாகிவிட்டன.

பெயர் மாறும்போது பண்டமும் மாறும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நெதர்லாந்துக் கடை ஒன்றில் சாதாரண பட்டாட் அல்லது ஃப்ரீட் என்று கேட்டால், பெரும்பாலும் ஆலையில் வெட்டி, பாதி பொரித்து, உறையவைத்து வந்த சீரான குச்சிகள் கிடைக்கும். ‘ஃப்ளாம்ஸ ஃப்ரீட்’ என்று தனியாக எழுதியிருந்தால், சற்றுத் தடிமனாக, பல கடைகளில் அன்றே வெட்டிய கிழங்காக இருக்கும். ‘ராஸ்பட்டாட்’ முற்றிலும் வேறு. அது வெட்டிய கிழங்கே இல்லை. உலர்ந்த கிழங்கு மாவை நீரில் பிசைந்து, நம் முறுக்கு உழக்கில் பிழிவதுபோல் நீளநீளமாகப் பிழிந்து எண்ணெயில் விடுவார்கள். உள்ளே கூழ்போல மென்மையாகவும், வெளியே ஒரே சீராக மொறுமொறுப்பாகவும் இருக்கும். சிறுவயதில் சாப்பிட்டவர்கள் அதைத் தேடிப் போவார்கள். எனக்கு அதில் கிழங்கின் சுவை குறைவாகவே தெரிகிறது.

இதையெல்லாம் முதலில் செய்தவர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எழுந்ததும் யாராவது நமூர் கதையைச் சொல்வார்கள், அதனால் குறித்துவிடுகிறேன். பெல்ஜியத்தின் நமூர் நகரில் மாஸ் ஆற்றின் சிறுமீனைப் பொரித்துச் சாப்பிட்ட ஏழைகள், 1680ஐ ஒட்டிய ஒரு கடும் குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோனதால், மீன் வடிவில் கிழங்கை வெட்டிப் பொரித்தார்கள் என்பது கதை. அதற்கு ஆதாரமாக 1781ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை ஜோ ஜெரார் என்ற பெல்ஜிய எழுத்தாளர் 20ஆம் நூற்றாண்டில் காட்டினார். வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. அந்தப் பகுதிக்கு உருளைக்கிழங்கே 1735ஐ ஒட்டித்தான் வந்தது. மேலும், ஏழை வீட்டில் ஒரு சட்டி நிறையக் கொழுப்பு காய்ச்சிப் பொரிக்க அன்று யாருக்கும் வசதி இல்லை. பாரிஸ் தெருவோர வியாபாரிகளிடமிருந்து பரவியது என்பதற்கே இன்று கூடுதல் ஆதரவு. ஆனால் அதைத் தினசரி உணவாகவும் ஊர்க்கூடலாகவும் ஆக்கியவர்கள் பெல்ஜியர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. புரூஜ் நகரில் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றில் 2008இல் இதற்கென்றே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இனி மேலே ஊற்றுபவை. ‘மெட்’ என்றால் ‘உடன்’ என்று மட்டும்தான் பொருள். எதனுடன் என்று சொல்லத் தேவையே இல்லை. மயோனைஸ் வகை வெள்ளைச் சாஸ் என்பது எல்லோருக்கும் புரிந்த செய்தி. எதுவும் வேண்டாம் என்றால் ‘ஸொண்டர்’, அதாவது ‘இல்லாமல்’. இந்த ஒற்றைச் சொல் வழக்கம் வடக்கு, தெற்கு இரண்டிலும் செல்லும். ஆனால் அந்த வெள்ளைச் சாஸ் எது என்பதில்தான் நெதர்லாந்துக்காரருக்கும் பெல்ஜியருக்கும் உண்மையான பிரிவு. நெதர்லாந்தில் ஒரு சாஸை மயோனைஸ் என்று அழைக்க வேண்டுமானால் குறைந்தது 70 சதவீதம் கொழுப்பும் 5 சதவீதம் முட்டை மஞ்சள்கருவும் இருக்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் ஊற்றுவது ‘ஃப்ரீட்சாஸ்’. அதில் எண்ணெய் பல வகைகளில் கால் பங்கை ஒட்டியே இருக்கும், சர்க்கரை கூடுதல். பெல்ஜியத்தில் 1955ஆம் ஆண்டின் அரச ஆணை மயோனைஸுக்கு 80 சதவீதம் கொழுப்பு, 7.5 சதவீதம் மஞ்சள்கரு என்று விதித்தது. 2016இல் அதைத் தளர்த்தும் பேச்சு எழுந்தபோது அந்நாட்டில் பெரிய சர்ச்சையே நடந்தது. நாக்கில் வேறுபாடு உடனே தெரியும். பெல்ஜிய மயோனைஸ் கடுகும் புளிப்புமாகக் கனத்து நிற்கும். டச்சு ஃப்ரீட்சாஸ் இனிப்பாக, லேசாக வழுக்கிச் செல்லும். புளிப்பும் காரமும் பழகிய நம் நாக்குக்கு முதலாவது கூடுதலாகப் பிடிக்கும் என்பது என் கணிப்பு. நெதர்லாந்துக் கடையில் உண்மையான மயோனைஸ் வேண்டுமானால் ‘மெட்’ என்று நிறுத்தாமல் ‘மயோனைஸ்’ என்று முழுதாகக் கேளுங்கள். நல்ல கடைகளில் இரண்டும் இருக்கும்.

அடுத்து ‘ஸ்பெஷால்’. வெள்ளைச் சாஸ், சிவப்புக் ‘கறி’ சாஸ், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம் மூன்றும் சேர்ந்தது. ‘கறி’ என்ற பெயரைக் கேட்டு நம் குழம்பை எதிர்பார்க்க வேண்டாம்; அது தக்காளிச் சாஸில் சில மசாலாக்களைக் கலந்த இனிப்புப் பண்டம். சில கடைகளில் கறி சாஸுக்குப் பதிலாக வெறும் தக்காளி கெச்சப்பை ஊற்றிவிடுவார்கள்; முன்கூட்டிச் சொன்னால் மாற்றித் தருவார்கள். என்னிடம் கேட்டால், புதிதாக வருபவர்கள் முதலில் சாப்பிட வேண்டியது இதைத்தான். பச்சை வெங்காயத்தின் கடிப்பு இல்லாமல் அந்தச் சாஸ்களின் இனிப்பைத் தொடர்ந்து சாப்பிட முடியாது.

‘ஓர்லோக்’ என்றால் போர். வெள்ளைச் சாஸ், நிலக்கடலைச் சாஸ், பச்சை வெங்காயம் மூன்றும் கிழங்கின்மேல் கலந்து கிடக்கும், பார்வைக்குக் கலவரம்தான். எல்லா இடத்திலும் ஒரே கலவை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சில ஊர்களில் கறி சாஸையும் சேர்ப்பார்கள், சில இடங்களில் வெங்காயமே இருக்காது. ஒரே தெருவின் இரு கடைகள் இரு விதமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனவே எது ‘சரியான’ ஓர்லோக் என்ற வாதத்தில் இறங்க மாட்டேன். கடலைச் சாஸ் உண்டு என்பது மட்டும் நிச்சயம். வீட்டில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பெயரைத் தவிர்க்கவும்; சாஸ் கரண்டிகள் அருகருகே கிடப்பதால், மற்றவற்றை வாங்கும்போதும் சொல்லிவைப்பது நல்லது.

அந்தக் கடலைச் சாஸ் எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெதர்லாந்து பல காலம் இந்தோனேசியாவை ஆண்டது. அந்த நாடு விடுதலை பெற்றபின், 1940களின் இறுதியிலிருந்து, அங்கிருந்த டச்சுக்காரர்களும் கலப்புக் குடும்பத்தினரும் பெரும் எண்ணிக்கையில் இங்கே வந்தார்கள். சத்தே குச்சி இறைச்சிக்கு ஊற்றும் கடலைச் சாஸும் அவர்களோடு வந்தது. அது கிழங்கின்மேல் ஏற அதிக காலம் ஆகவில்லை. பாமி நூடுல்ஸை வட்டமாகத் தட்டி, ரொட்டித்தூள் புரட்டிப் பொரிக்கும் ‘பாமிஸ்ஹைஃப்’ அதே வழியில் வந்த பண்டம்தான். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இங்கே வந்து முதல் முறை பட்டாட் பிண்டா (கடலைச் சாஸ் ஊற்றிய கிழங்கு) சாப்பிட்டதும் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். பழகிய சுவை எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. இங்குள்ள சாஸ் அங்கே கிடைப்பதைவிட இனிப்பு கூடியது, உறைப்பு மிகக் குறைந்தது. ‘சாம்பல்’ என்று கேட்டால் மிளகாய் விழுது தருவார்கள். அதைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

மஞ்சள் நிறத்தில் ‘யொப்பி சாஸ்’ என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். ஜெர்மன் எல்லையோரக் கிளானர்புரூக்கில் ஒரு ஸ்நாக்பார் நடத்திய பெண்மணியின் கைப்பக்குவம் அது. வெங்காயமும் கறிப்பொடியும் சேர்ந்த இனிப்பு மயோனைஸ். இன்று நாடெங்கும் வாளி வாளியாக விற்பனையாகிறது. ரொட்டர்டாமின் கொடை ‘காப்சலோன்’. சொல்லுக்கு முடிதிருத்தகம் என்று பொருள். 2003இல் நதானியேல் கோமஸ் என்ற முடிதிருத்துநர், பக்கத்து ஷவர்மா கடையான எல் அவீவாவில் தனக்குப் பிடித்தவற்றையெல்லாம் ஒரே தட்டில் அடுக்கித் தரச் சொன்னார்: கீழே கிழங்கு, அதன்மேல் ஷவர்மா இறைச்சி, அதன்மேல் உருக்கிய கௌடா சீஸ், மேலே கீரைச் சாலட், பூண்டுச் சாஸ், சாம்பல். மற்றவர்களும் ‘முடிதிருத்தகத்துக்குப் போவது எனக்கும் ஒன்று’ என்று கேட்கத் தொடங்க, பெயர் ஒட்டிக்கொண்டது. நான் ரொட்டர்டாமில் வேலை பார்த்த நாட்களில் இரவு நேரத்தில் அதிகம் போனது இதுதான். ஒரு முழுச் சாப்பாட்டுக்கு மேலேயே இருக்கும்; இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

தெற்கே இறங்க இறங்க, சாஸுக்குப் பதில் குழம்பு வரும். மாஸ்ட்ரிக்ட் பக்கம் ‘ஸூர்வ்லேஸ்’: வினிகரில் ஊறிய இறைச்சியை (முன்பு குதிரை இறைச்சி, இன்று பல இடங்களில் மாட்டிறைச்சி) ஆப்பிள் பாகும் மசாலா கேக்கும் சேர்த்துக் கரையும்வரை வேகவைத்துக் கிழங்கின்மேல் ஊற்றுவார்கள். பிளாண்டர்ஸில் ‘ஸ்டோஃப்வ்லேஸ்’: கருநிற பியரில் வெந்த மாட்டிறைச்சி, கடுகு தடவிய ரொட்டித்துண்டு கரைந்து குழம்பைத் தடிக்கவைக்கும். இறைச்சி இல்லாமல் அதன் குழம்பை மட்டும் வாங்கி ஊற்றிக்கொள்வோரும் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் இறைச்சி உருண்டைகளைப் பாகு கலந்த குழம்போடு கிழங்குடன் பரிமாறுவார்கள். இந்த மூன்றில் எதைச் சாப்பிட்டாலும் நம் ஊர்ப் புளிப்பும் இனிப்பும் கலந்த சமையலின் சாயல் தெரியும். மாட்டிறைச்சி சாப்பிடுபவராக இருந்தால் தவறவிடாதீர்கள். பெல்ஜியச் சாஸ் வரிசையில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ‘அந்தலூஸ்’, மயோனைஸில் தக்காளி விழுதும் குடைமிளகாயும் கலந்தது. ‘சாமுராய்’, மயோனைஸில் மிளகாய் விழுது கலந்தது. பெயர் ஜப்பானியமாக இருந்தாலும் ஜப்பானுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம்மவர்களுக்கு ஓரளவு உறைப்பாகத் தோன்றுவது இது ஒன்றுதான். மற்றவை, சீஸ் சாஸ், வறுத்த வெங்காயம் தூவி விற்கும் புதுக் கலவைகள் எல்லாம், ஆண்டுக்கு ஆண்டு வந்து போகின்றன; அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சாஸை மேலே ஊற்றச் சொல்வதா, தனிக் கிண்ணத்தில் வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். உட்கார்ந்து உடனே சாப்பிடுவதானால் மேலே. வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கட்டாயம் தனியாக. சூடான கிழங்கு ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மேலே கனத்த சாஸ் மூடினால் அந்த ஈரம் மேல்தோட்டிலேயே தங்கி, பத்து நிமிடத்தில் துவண்டுவிடும். இதே காரணத்தால் பொட்டலத்தின் வாயையும் இறுக மூடக் கூடாது. நல்ல கடைக்காரர் மூடித் தர மாட்டார். நீங்கள் கேட்டாலும் ஒருமுறை எச்சரிப்பார்.

உண்மையில் எந்தச் சாஸையும்விடக் கிழங்கு பொரிந்த விதமே முக்கியம். இருமுறை பொரிப்பதுதான் இதன் அடிப்படை. முதல் முறை 140 முதல் 160 டிகிரி செல்சியஸில், உள்ளே வேகும்வரை. பிறகு வெளியே எடுத்து ஆறவிட வேண்டும். இந்த இடைவெளியில் உள்ளிருக்கும் ஈரம் சமமாகப் பரவி, மேற்பரப்பு உலர்கிறது. இரண்டாம் முறை 175 டிகிரியை ஒட்டிய சூட்டில், சில நிமிடம், தோடு பொன்னிறமாகும்வரை. பெல்ஜியத்தில் முன்பு பலர் இதைவிடக் கூடுதல் சூட்டில் செய்தார்கள். மாவுச்சத்து உணவை அதிகச் சூட்டில் கருக்கினால் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்பதால், 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி 175 டிகிரிக்கு உட்பட்ட சூட்டைப் பரிந்துரைக்கிறது. அந்த விதி உருவானபோது தங்கள் பாரம்பரியமே போய்விடும் என்று பெல்ஜியத்தில் கொதித்தார்கள். இருமுறை பொரிக்கும் வழக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கரும்பழுப்பாகத் தரும் கடையைவிடப் பொன்னிறத்தில் எடுக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். சுவையும் அதில்தான் இருக்கிறது.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் கேட்டது மிகவும் நல்லது. பலர் கேட்காமலே சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். பெல்ஜியத்தின் மரபான ஃப்ரிட்டூர்களில் கிழங்கைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். அதை ‘ஒஸ்ஸவிட்’ என்பார்கள்; மணமும் மொறுமொறுப்பும் அதனால்தான் என்று பெருமையோடு பலகையிலேயே எழுதிவைப்பவர்களும் உண்டு. நெதர்லாந்தில் பெரும்பாலான கடைகள் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன. ஆனாலும் ‘ஃப்ளாம்ஸ ஃப்ரீட்’ என்று விற்கும் சில கடைகள் வேண்டுமென்றே மாட்டுக் கொழுப்பை வைத்திருக்கின்றன. எனவே கடைதோறும் கேட்க வேண்டும்: எண்ணெய் ‘பிளாண்டார்டக்’கா, அதாவது தாவர வகையா என்று. எந்தக் கடைக்காரரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இஸ்லாமியர்களும் சைவ உணவுக்காரர்களும் நாள்தோறும் கேட்கும் கேள்விதான்.

எண்ணெய் தாவர வகை என்றாலும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: அதே தொட்டியில் வேறு என்ன பொரிகிறது? ஃப்ரிகண்டெல் என்ற தோலில்லாத நீள இறைச்சியில் கோழி, பன்றி, சிலவற்றில் குதிரை இறைச்சிகூட இருக்கும். குரோக்கெட்டில் மாட்டிறைச்சிக் கூழ். பெரும்பாலான கடைகளில் கிழங்குக்கு ஒரு தொட்டி, இறைச்சிப் பண்டங்களுக்கு வேறு தொட்டி. அது சைவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. இறைச்சித் துகள் கலந்தால் கிழங்கின் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதே காரணம். ஆனால் கூட்ட நேரத்தில் கை மாறுவது உண்டு, சிறிய கடைகளில் ஒரே தொட்டியும் உண்டு. கண்டிப்பான சைவர்களுக்கு வெளிக்கடையில் முழு உறுதி தர என்னால் முடியாது. சீஸை மாவுத்தாளில் மடித்துப் பொரிக்கும் ‘காஸ்சூஃப்லே’ இறைச்சி இல்லாதது. ஆனால் அது பெரும்பாலும் இறைச்சித் தொட்டியில்தான் பொரியும். சாஸ்களில் மயோனைஸ், ஃப்ரீட்சாஸ், யொப்பி ஆகியவற்றில் பொதுவாக முட்டை உண்டு. முட்டையும் தொடாதவர்களுக்குக் கறி சாஸ், தக்காளி கெச்சப், அல்லது ‘வேகன்’ என்று எழுதிய மயோனைஸ் சரிவரும்.

ஆகவே உங்கள் பெற்றோருக்கு வீட்டிலேயே செய்துகொடுப்பதே சிறந்தது, கடினமும் இல்லை. அங்காடியில் ‘ஃப்ரீட்’ என்று குறித்த கிழங்கு மூட்டை இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் ‘குரௌமக்’, அதாவது வெந்ததும் மாவாக உதிரும் வகை. பழையவர்கள் பின்ட்யே வகைதான் வேண்டும் என்பார்கள். ஃப்ரீஸ்லாந்தின் பள்ளி ஆசிரியர் கிளாஸ் டி ஃப்ரீஸ் உருவாக்கி, தன் மாணவி ஒருத்தியின் பெயரைச் சூட்டி, 1910இல் வெளியான வகை அது. நல்ல கிழங்குதான், ஆனால் நோய் எளிதில் தாக்கும் என்பதால் இன்று அக்ரியா, ஃபொன்டான போன்ற வகைகள் அதிகம் பயிராகின்றன, அவையும் நன்றாகவே பொரிகின்றன. கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, எண்ணெயில் போட்டதும் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, தண்ணீரில் அலசி, துணியில் நன்றாகத் துடையுங்கள். சூரியகாந்தி எண்ணெயை 150 டிகிரிக்குக் காயவைத்து, ஐந்தாறு நிமிடம் நிறம் மாறாமல் வேகவிட்டு எடுங்கள். அரைமணி நேரமாவது ஆறட்டும். பிறகு 175 டிகிரியில் சிறிது சிறிதாகப் போட்டு, கிழங்குகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும்போது எடுத்து உடனே உப்புத் தூவுங்கள். ஒரேயடியாக அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, கிழங்கு கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே வீடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இதுதான். இவ்வளவு செய்தபின் மேலே போடுவதற்கு எலுமிச்சைச் சாறு பிழிந்த பச்சை வெங்காயமும் மிளகாய்த்தூளும் போதும்.